பறக்கக் கற்போர் கட்டும் கப்பம்

2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவில் ‘உடான்’ திட்டத்தின் முதல் விமானத்தை அனுப்பிவைத்த பிரதமர், ஹவாய்ச் செருப்பு அணிந்தவரும் விமானத்தில் பறப்பதைக் காண விரும்புவதாகச் சொன்னார். முழக்கம் கேட்பதற்கு இனிமையாகவே இருந்தது. செருப்புக் காலோடு வருகிறவர் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு பின்வரிசையில் அமரலாம் என்பதோடு அந்த அழைப்பு முடிந்துவிட்டதை அன்று கவனித்தவர் குறைவு. விமானத்தின் முன்புறம், பூட்டிய கதவுக்கு அப்பால் இரண்டு இருக்கைகள் உண்டு. அவற்றில் ஒன்றில் செருப்பு அணிந்தவரின் மகனோ மகளோ அமர வேண்டும் என்று அன்றும் ஒருவரும் சொல்லவில்லை, அதற்குப் பின்னரும் சொல்லவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் மாதம், பெங்களூருவில் பதிவான ஒரு புகாரில் அதே செருப்பு மீண்டும் வந்தது. நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவில் பயிற்சி விமானியாக இருந்த தலித் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர், குருகிராம் அலுவலகத்தில் மூன்று அதிகாரிகள் தம்மை அழைத்து, விமானம் ஓட்டும் தகுதி உனக்கில்லை, போய்ச் செருப்புத் தை என்று இழிவுபடுத்தியதாகப் புகார் அளித்தார். பெங்களூருவில் பதிவான முதல் தகவல் அறிக்கை பின்னர் குருகிராம் காவல்துறைக்கு மாற்றப்பட்டது; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவாயிற்று. நிறுவனம் குற்றச்சாட்டை முற்றாக மறுத்தது. சொன்னார்களா இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால் அப்படி ஒரு புகார் எழுந்தபோது, நம்ப முடியவில்லையே என்று நாட்டில் எத்தனை பேர் வியந்தார்கள்? விமானி அறையின் கதவு யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்த செய்தி என்பதால்தான் வியப்பு எழவில்லை.

சாதி மட்டுமே அந்தக் கதவைப் பூட்டவில்லை. பூட்டு ஒன்று, சாவிகள் இரண்டு; மற்றொன்று பணம்.

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஓக்கலிபுரத்துக்கும் மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜிநகருக்கும் இடையில் நெருக்கியடித்துக் கிடக்கும் இந்தப் பகுதிக்குத் தமிழர் வந்து சேர்ந்த கதை ஆலைகளின் கதையோடு பின்னியது. பின்னி ஆலை, ராஜா ஆலை, மினர்வா ஆலை என்று நகரின் மேற்கே எழுந்த புகைபோக்கிகள் வட ஆர்க்காட்டு, சேலம், தருமபுரிக் கிராமங்களிலிருந்து உழைப்பாளிகளை இழுத்தன. ஆலைகள் இன்று இல்லை. ராஜா ஆலை நின்ற நிலத்தில் வணிக வளாகம். பின்னி நிலத்தில் அடுக்குமாடி வீடுகள். 2014 முதல் தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஸ்ரீராம்புரம் என்ற பெயரிலேயே ஒரு நிலையமும் உண்டு. கீழே தையல், வண்ணம் பூசுதல், கட்டட வேலை, பழைய இரும்பு, துப்புரவு. அந்த ஆலைகள் கருணை இல்லங்கள் அல்ல. வேலை நேரமும் அபராதமும் மேஸ்திரியின் வசையும் அவற்றின் வரலாறு. ஆயினும் தறியை ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பதிலித் தொழிலாளியிடம், முதலில் கற்றுக்கொள்வதற்கான கட்டணத்தைக் கட்டு, பிறகு தறியைத் தொடு என்று எந்த வெள்ளைக்கார மேலாளரும் கேட்டதில்லை. அந்தத் துணிவு இருபத்தோராம் நூற்றாண்டு முதலாளிக்குத்தான் வாய்த்திருக்கிறது.

இந்தப் பகுதியில் ஓர் இளைஞர் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்கிறார் என்று கொள்க. உடற்கூறு ஆய்வில் குறை இல்லை. வானூர்தி வழியறிதல், வானிலையியல், விமானச் சட்டம், தொழில்நுட்பம் ஆகிய தாள்களைச் சொந்த முயற்சியில், ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி, எழுதித் தேறிவிடுகிறார். இதுவரை அறிவு போதும். இதற்கு மேல் அறிவு போதாது. வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். ரேபரேலியை அடுத்த ஃபுர்சத்கஞ்சில் ஒன்றிய அரசே நடத்தும் இந்திரா காந்தி தேசியப் பறத்தல் அகாடமியில் கட்டணம் 45 லட்சம் ரூபாய் அளவில் நிற்கிறது. தனியார் பயிற்சி நிலையங்களில் அதற்கும் மேல். பெரிய விமான நிறுவனங்கள் தங்கள் பெயரைப் போட்டு நடத்தும் ‘கேடட்’ திட்டங்களில் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தாண்டுகிறது.

வங்கிக்குப் போகலாம் என்பார் நிதி ஆலோசகர். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை வேண்டும் என்பது வங்கிகளின் விதி. ஸ்ரீராம்புரத்துக் குடிசைவாசியின் கையில் இருப்பது, இருந்தால், ஒரு ஹக்குப் பத்திரம். அதை வைத்து ஏழு லட்சம் பெயர்வதே அரிது. வாதத்துக்காகக் கடன் கிடைத்தது என்றே வைத்தாலும், 60 லட்சத்துக்கு 11 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 6 லட்சத்து 60 ஆயிரம். மாதம் 55 ஆயிரம். ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். அசல் அப்படியே இருக்கும். வீட்டில் இரண்டு பேர் நாள்தோறும் வேலைக்குப் போய்க் கொண்டுவரும் கூலி வட்டிக்கே போதாது.

தலித் மாணவர்களுக்கு உதவித்திட்டம் இருக்கிறதே என்று அமைச்சகம் சொல்லும். இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்தரக் கல்வித் திட்டத்தில் வணிக விமானிப் பயிற்சிக்குத் தனி இடம் கொடுத்து, தனியார் நிலையங்களில் ஒருவருக்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 72 ஆயிரம் ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தார்கள். ஐம்பது லட்சம் தேவைப்படும் கடலைத் தாண்ட இது துடுப்பா, துடுப்பின் படமா?

இவ்வளவையும் எப்படியோ கடந்து உரிமம் பெற்றவர் விமானி ஆகிவிடுவாரா? இல்லை என்பதுதான் இத்தொழிலுக்கு வெளியே இருப்போர் பெரும்பாலும் அறியாத செய்தி. உரிமம் அவரை ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தின் ஓட்டுநராக மட்டுமே ஆக்கியிருக்கிறது. அடுத்த கட்டம் ஒரு வட்டார விமான நிறுவனத்தில் வேலை. அங்கே ஓடுவது பெரும்பாலும் ஏ.டி.ஆர். 72 என்ற, இரட்டைச் சுழல்விசிறி கொண்ட, எழுபது பேருக்கு மேல் ஏறும் விமானம். அந்த வகை விமானத்துக்கென்று தனியாகப் பெற வேண்டிய ஒப்புதல்தான் ‘டைப் ரேட்டிங்’. ஏ.டி.ஆரில் பெற்றது ஏர்பஸ்ஸுக்கு உதவாது. ஏர்பஸ்ஸில் பெற்றது எம்பிரேயருக்கு உதவாது. இதன் விலை மேலும் பதினைந்து, இருபது லட்சம். இந்தியாவில் பல நிறுவனங்கள் இதையும் வேலைக்கு வருகிறவர் தலையிலேயே கட்டுகின்றன.

இந்தப் பயிற்சிக்குத் தயாராவது எத்தகைய உழைப்பு என்பதைச் சற்று நின்று பார்ப்பது தகும். அழைப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து வகுப்பு தொடங்கும் நாள்வரை சில வாரங்கள். அதற்குள் விமானத்தின் வரம்பெண்கள் மனப்பாடமாக வேண்டும்: எந்த வேகத்துக்கு மேல் சக்கரத்தை இறக்கக் கூடாது, எந்த வெப்பத்துக்கு மேல் எஞ்சினை விடக் கூடாது, பக்கக்காற்று எவ்வளவு வரை தாங்கும். எஞ்சினில் தீப்பிடித்தால், அறைக்குள் புகை வந்தால், விமானம் தூக்குவிசையை இழந்து சரிந்தால், கையேட்டைப் புரட்ட நேரமில்லாத அந்த விநாடிகளில் செய்ய வேண்டியவை, சொல் பிசகாமல் நாவில் நிற்க வேண்டும். விமானி அறையின் முழு அளவுப் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு, இல்லாத விசைகளை நோக்கிக் கையை நீட்டி, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று அதே வரிசையில் நூறு முறை தொட்டுப் பழகுவார்கள். அருகில் ஒருவர் இருந்தால் அவர் அறிவிப்பார், இவர் மறுமொழி சொல்வார். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் அந்தப் படத்தை ஒட்டச் சுவர் ஏது என்பது தனிக் கேள்வி.

வகுப்பு தொடங்கினால் நிறுவனத்தின் நடைமுறைகள், சட்டம், ஆபத்தான சரக்கு, பாதுகாப்பு, முதலுதவி, குழுவாக இயங்கும் முறை. நீச்சல் குளத்தில் மிதவைப் படகில் ஏறும் பயிற்சி, தீயணைக்கும் பயிற்சி. பிறகு சிமுலேட்டர். அது இருக்கும் ஊருக்குச் சென்று விடுதியில் தங்கி, நள்ளிரவு இரண்டு மணிக்கு இடம் கிடைத்தாலும் ஏறி, பயிற்றுநர் ஒவ்வொரு கருவியாகச் செயலிழக்க வைக்கும்போது தடுமாறாமல் இறக்கிக் காட்ட வேண்டும். தேர்வில் தேறியபின் உண்மை விமானத்தில் ஏற்ற இறக்கப் பயிற்சி; அதன்பின் பயணிகளோடு, மேற்பார்வையாளர் அருகிலிருக்க, பல பத்து மணி நேரம்; கடைசியாக ஓர் ஆய்வுப் பயணம். எல்லாம் முடிந்த பிறகே துணை விமானி. இது உழைப்பு இல்லையென்றால் உலகில் எதுதான் உழைப்பு? மேற்பார்வையில் பறக்கும் அந்தக் கட்டத்தில் அவர் கைப்பட நகரும் விமானத்தில் இருப்போர் காசு கொடுத்து ஏறிய பயணிகள். அந்தக் காசு நிறுவனத்தின் பெட்டிக்குள்தான் விழுகிறது. அவருக்கு முழு ஊதியம் வராது. உதவித்தொகை என்ற பெயரில் சிறு தொகை, சில இடங்களில் அதுவும் கிடையாது. டைப் ரேட்டிங்குக்குத் தாமே பணம் கட்டியவர், இத்தனை ஆண்டுகள் விலக மாட்டேன் என்று பிணைப்பத்திரமும் எழுதித் தருகிறார். பற்றாக்குறைக்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வேறு நிறுவனங்களின் பக்கம் நிற்கிறது. பொதுநலன் என்ற பெயரில் அது 2017இல் வகுத்த விதிப்படி துணை விமானி விலக ஆறு மாதமும் தலைமை விமானி விலக ஓராண்டும் முன்னறிவிப்புத் தர வேண்டும். எந்த முதலாளிக்கும் அவர் ஓராண்டு முன்னறிவிப்புத் தந்தபின்தான் கடையை மூட வேண்டும் என்று விதி வகுத்ததாகத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி அதே பெங்களூருவில் உண்டு. 1940 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் இறக்கைக்குத் தறையாணி அடிக்கவும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் கற்க வருகிற ஐ.டி.ஐ. மாணவருக்கு, 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டப்படி நிர்வாகம் மாத உதவித்தொகை தரக் கடமைப்பட்டது. தொகை போதாது என்பதும், பழகுநர்களை மலிவு உழைப்பாளிகளாக நிர்வாகங்கள் பயன்படுத்துகின்றன என்பதும் தொழிற்சங்கங்கள் நெடுநாளாகப் போராடும் பிரச்சினை. ஆனால் சட்டத்தின் அடிப்படை தெளிவானது: கற்பிப்பவர் தருவார், கற்பவர் பெறுவார். விமானத்தைச் செய்யக் கற்பவருக்குப் பணம் கிடைக்கும். செய்த விமானத்தை ஓட்டக் கற்பவர் பணம் கட்ட வேண்டும். இதற்கு முதலாளித்துவப் பொருளாதாரப் பாடநூலிலும் காரணம் கிடைக்காது.

மார்க்சின் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் காரணம் கிடைக்கும். உழைப்புச் சக்தியின் மதிப்பைக் கணக்கிடும் இடத்தில், ஒரு தொழிலில் தேர்ச்சி பெறுவதற்கு ஆகும் கல்வி, பயிற்சிச் செலவும் அந்த மதிப்புக்குள் அடங்கும் என்று அவர் விளக்குகிறார். உணவும் உடையும் போலவே பயிற்சியும் உழைப்பாளியை உருவாக்கும் செலவு. கூலி அதை ஈடுகட்ட வேண்டும். இங்கே நடப்பது என்ன? அந்தச் செலவைத் தொழிலாளி முன்கூட்டியே தன் கையிலிருந்து போடுகிறார். கையில் இல்லாததால் வங்கியிடம் வாங்குகிறார். வேலையில் சேர்ந்தபின் பெறும் ஊதியத்தின் பெரும்பகுதி வட்டியாக நிதி மூலதனத்துக்குப் போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விமானியின் மாத ஊதியம் இமயமாகத் தெரிகிறது. அதில் அவர் வீட்டுக்கு வருவது எவ்வளவு, ஏற்கெனவே அடகு போனது எவ்வளவு என்று யாரும் பிரித்துக் காட்டுவதில்லை.

இந்த இடத்தில் இயக்கத்துக்குள்ளிருந்தே எழும் ஒரு முணுமுணுப்பைச் சந்திக்க வேண்டும். துப்புரவுத் தொழிலாளியின் நிலுவைக் கூலி இருக்க, ஆஷா ஊழியரின் போராட்டம் இருக்க, லட்சத்தில் சம்பளம் வாங்கும் விமானிக்காகக் கட்சி ஏன் பேச வேண்டும், அவர்கள் தொழிலாளர் பிரபுக்கள் அல்லவா என்பது அது. நேர்மையான கேள்விதான், ஆனால் தவறான கேள்வி. தொழிலாளி யார் என்பதைச் சம்பளச் சீட்டின் எண்ணைக் கொண்டு அளப்பது வருமான வரி அதிகாரியின் வேலை. உற்பத்திக் கருவி யாருடையது, வேலை நேரத்தை யார் தீர்மானிக்கிறார், வெளியேற்றும் அதிகாரம் யார் கையில் என்பனவே வர்க்க அளவுகோல்கள். 2009இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் அமைத்தார்கள். அதற்கு முன்னின்ற இருவரை நிர்வாகம் வேலைநீக்கம் செய்தது. விமானிகள் கூட்டாக நோய்விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்து நாள் வெளியே நின்றார்கள். நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். சங்கம் அமைத்ததற்காக வேலை போவதும், ஒற்றுமையால் வேலை திரும்புவதும் திருப்பூரிலும் பீன்யாவிலும் நடப்பதிலிருந்து எந்த வகையில் வேறு? அதே நிறுவனம் 2019 ஏப்ரலில் நின்றபோது விமானியும் சுமை தூக்குபவரும் ஒரே வாசலில் ஊதிய பாக்கிக்காக நின்றார்கள்.

பெங்களூருக்காரர்களுக்கு அதைவிட அருகில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2003இல் இந்நகரிலிருந்து ஏ.டி.ஆர். விமானங்களோடு தொடங்கிய ஏர் டெக்கான், சாமானியரின் விமானம் என்று கொண்டாடப்பட்டது. சில ஆண்டுகளில் அதை விழுங்கிய கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் தரையிறங்கி மீண்டும் எழவே இல்லை. மாதக்கணக்கில் ஊதியம் பெறாத ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். உரிமையாளர் 2016 மார்ச்சில் நாட்டை விட்டுப் பறந்தார். கடன் வாங்கி டைப் ரேட்டிங் பெற்றிருந்தவர்களின் கடன் மட்டும் எங்கும் பறக்கவில்லை.

விமானிகள் தரப்பிலும் குறை இல்லாமல் இல்லை. 2012இல் ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தின் மையப்புள்ளி, புதிய போயிங் 787 விமானத்துக்கான பயிற்சி யாருக்கு என்பதே. இணைக்கப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கு அப்பயிற்சியில் பங்கு தரக்கூடாது என்று ஒரு பிரிவினர் நின்றார்கள். தொழிலாளி தொழிலாளியோடு பயிற்சி இடத்துக்காக மோதிக்கொண்டிருந்தபோது, பொதுத்துறையை விற்கும் ஏற்பாடுகள் அமைதியாக நடந்தேறின. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாட்டாவின் கைக்குப் போனது. அன்றோடு அங்கே பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீடும் போயிற்று. குறுகிய குழுநலனின் விலை இது. விமானிகளைத் தொழிலாளி வர்க்கத்தின் பொது அணிக்குள் கொண்டுவர வேண்டிய தேவைக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

பணம் இல்லை, நட்டத் தொழில், பயிற்சிச் செலவை எங்களால் ஏற்க இயலாது என்பது வட்டார நிறுவனங்களின் வழக்கமான அழுகை. உடான் திட்டத்தில் அவை பெறுவதைப் பார்க்கலாம். குறைந்த கட்டண இருக்கைகளுக்கு நட்டஈட்டு மானியம். அதில் ஒன்றிய அரசு திரட்டும் நிதியிலிருந்து 80 விழுக்காடு, மாநில அரசு 20 விழுக்காடு. விமான எரிபொருளுக்குக் கலால் சலுகை. மாநில மதிப்புக் கூட்டு வரி 1 விழுக்காடு மட்டும். காவலும் தீயணைப்பும் மாநில அரசின் செலவில். பொதுப்பணம் இப்படிப் பாய்ந்த பின் விளைந்தது என்ன? தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது: மூன்றாம் கட்டம் வரை ஒப்படைக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403இல் விமானமே ஓடவில்லை. தொடங்கிய 371இல் 112 மட்டுமே மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை நிறைவு செய்தன. அதற்கு அப்பாலும் நிலைத்தவை, 2023 மார்ச் நிலவரப்படி, 54. சேலத்துக்கு 2018இல் வந்த விமானம் சில ஆண்டுகளில் நின்று, 2023 அக்டோபரில்தான் மீண்டும் வந்தது. வேலூரும் நெய்வேலியும் பட்டியலில் ஏறிப் பல ஆண்டுகள், பயணி ஏறவில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கை இன்னும் 120 ஊர்கள், பத்தாண்டில் நான்கு கோடிப் பயணிகள் என்று புதிய வாக்குறுதியை அடுக்கியது. இத்தனை மானியத்துக்கும், உன் விமானியை உன் செலவில் பயிற்றுவி என்ற ஒரே ஒரு நிபந்தனையைக்கூட இணைக்கவில்லை.

வட்டார விமானச் சேவையை அரசே நடத்த முடியாது என்போர் வாயுதூத்தை மறந்துவிட்டார்கள், அல்லது மறைக்கிறார்கள். 1981இல் பொதுத்துறையில் பிறந்த அந்நிறுவனம் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தயாரித்த டார்னியர் விமானங்களைக்கூட ஓட்டியது. சொந்த நாட்டுத் தொழிற்சாலை, சொந்த நாட்டு நிறுவனம், சிறு ஊர்கள். நிர்வாகக் கோளாறுகளும் அரசியல் தலையீடுகளும் அதில் இருந்தன. தாராளமயம் அந்தக் கோளாறுகளைச் சீர்செய்யாமல் நிறுவனத்தையே முடித்துவைத்தது. இந்தியன் ஏர்லைன்ஸ் ஹைதராபாத்தில் தன் சொந்தப் பயிற்சி மையத்தை வைத்திருந்த காலமும் ஒன்று உண்டு. 1953இல் விமானப் போக்குவரத்தை நாட்டுடைமையாக்கிய சட்டம் 1994இல் நீக்கப்பட்டபோது, பயிற்சி என்பது முதலாளியின் பொறுப்பிலிருந்து சந்தையின் சரக்காக நழுவியது.

சரக்கானால் என்ன கெடுதி? விற்பவருக்குக் கூட்டம் வேண்டும். 2023இல் மட்டும் 1,622 வணிக விமானி உரிமங்கள் வழங்கப்பட்டன. அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் 30,000 விமானிகள் தேவை என்று அமைச்சர் அறிவிக்கிறார். அந்த அறிவிப்பை நம்பிக் கடன் வாங்கி உரிமம் பெற்ற ஆயிரக்கணக்கான இளைஞர்கள், டைப் ரேட்டிங்குக்குப் பணம் இல்லாமலோ, கட்டிய பிறகும் வேலை இல்லாமலோ காத்திருக்கிறார்கள். பற்றாக்குறை என்ற பறை ஒரு பக்கம். வேலையற்றோர் வரிசை மறு பக்கம். மூலதனத்துக்கு இரண்டும் ஒருசேரத் தேவை. 2011இல் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் பிடிபட்டார்கள். உரிமத்துக்கு விலை ஏற ஏறக் கள்ளச் சந்தையும் பிறக்கும் என்பது நெல் வியாபாரிக்கும் தெரிந்த பொருளாதாரம்.

கெடுதி பயணியின் உயிர் வரை போகும். 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில், இதே ஏ.டி.ஆர். 72 வகையைச் சேர்ந்த எட்டி ஏர்லைன்ஸ் விமானம் இறங்கும் வேளையில் வீழ்ந்து 72 பேர் மாண்டனர். இறக்கை மடலை விரிக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக, சுழல்விசிறிகளின் உந்துவிசையை நிறுத்திவிடும் நெம்புகோல்கள் நகர்த்தப்பட்டன என்று விசாரணை கண்டது. ஒரு விமானி அந்தப் புதிய விமான நிலையத்துக்குப் பழக்கப்படுத்தப்பட்டுக்கொண்டிருந்த பயணம் அது. கை தவறியது பயிற்றுநர் இருக்கையில். சுவரில் ஒட்டிய படத்தின் முன் நூறு முறை கை நீட்டிப் பழகுவது எதற்காக என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஓய்வும் நேரமும் ஊதியமும் இன்றி, வட்டியை எண்ணிக்கொண்டு பழகுகிற கை எப்படிப் பழகும்?

அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 12 அன்று கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் விமானம் பஃபலோ அருகே வீழ்ந்து 50 பேர் இறந்தபின் இதே கேள்வி எழுந்தது. அதன் துணை விமானி வேலை செய்யும் ஊரில் வீடு எடுக்க இயலாது, நாட்டின் மறுகோடியில் பெற்றோர் வீட்டிலிருந்து இரவு முழுதும் சரக்கு விமானங்களில் தொற்றிப் பயணம் செய்து பணிக்கு வந்தவர். இறந்தவர்களின் குடும்பங்களும் விமானிகள் சங்கமும் விடாது போராடின. 1,500 மணி நேர அனுபவ விதி வந்தது. குறைந்த ஊதியத்துக்குக் கிடைத்துவந்த ஆட்கள் குறைந்தார்கள். 2022இல் அந்நாட்டு வட்டார நிறுவனங்கள் துணை விமானிகளின் ஊதியத்தைப் பெருமளவு உயர்த்த நேர்ந்தது. அங்கே இன்று புதிதாகச் சேர்பவருக்கு டைப் ரேட்டிங் நிறுவனச் செலவு. பயிற்சிக் காலத்துக்கும் ஊதியம் உண்டு. மூலதனத்தின் கோட்டையிலேயே தர முடிந்ததை இங்கே தர முடியாது என்பவர்கள் எந்தத் தேசப்பற்றைப் பேசுகிறார்கள்?

இங்கே அரசு எந்தப் பக்கம் நிற்கும் என்பது 2025 டிசம்பரில் வெட்டவெளிச்சமாயிற்று. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர வேண்டும், இரவுத் தரையிறக்கங்கள் குறைய வேண்டும் என்ற விதிகள் நீதிமன்றம் வரை சென்ற போராட்டத்தால் கட்டங்கட்டமாக வந்தன. இரவுப் பணி பற்றிய கடைசிக் கட்டம் நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. இரண்டாண்டு அவகாசம் இருந்தும் போதிய விமானிகளைச் சேர்க்காத இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். பெங்களூரு விமான நிலையத்தில் மக்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். இயக்குநரகம் செய்த முதல் வேலை, 2026 பிப்ரவரி 10 வரை அந்நிறுவனத்துக்கு இரவுப்பணி விதிகளிலிருந்து விலக்களித்ததுதான். மங்களூருவில் 2010 மே 22 அன்று 158 பேரைப் பலிகொண்ட விபத்தில் தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதி உறங்கியதை விசாரணை அறிக்கை பதிவு செய்ததை அந்த அதிகாரிகள் படித்திருக்க மாட்டார்களா?

ஓட்டுபவர் இல்லாமலே செல்லும் விண்ணூர்தியைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் புகழ் பெற்றோர் மறுமையில் பெறும் பேறாகப் பாடினார். விமானத் தயாரிப்பாளர்கள் அதை இம்மையிலேயே பெற விரும்புகிறார்கள். இரண்டு விமானிகளுக்குப் பதில் ஒருவர் போதும் என்ற திட்டம் ஐரோப்பாவில் பாதுகாப்பு ஆய்வைத் தாண்ட இயலாமல் 2025இல் முடங்கியது. அந்த ஆசை சாகவில்லை. பயிற்சிச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டுவதும் பயிற்சி பெற்ற தொழிலாளியையே ஒழிப்பதும் ஒரே ஆசையின் இரு கைகள்.

ஆகவே கோரிக்கைகள் மங்கலாக இருக்க இடமில்லை. உடான் மானியம் பெறும் எந்த நிறுவனமும் டைப் ரேட்டிங்குக்கு விமானியிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது; வகுப்பறையில் அமரும் முதல் நாளிலிருந்து ஊதியம் தர வேண்டும். பொதுப்பணம் பாயும் இடத்தில் இட ஒதுக்கீடும் பாய வேண்டும். பிணைப்பத்திரமும் ஓராண்டு முன்னறிவிப்பும் ஒழிய வேண்டும். தலித், பழங்குடி மாணவர்களுக்கான உதவித்தொகை உண்மைக் கட்டணத்தை முழுதும் ஈடுகட்ட வேண்டும்.

இவற்றுள் ஒன்றுக்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை. ஸ்ரீராம்புரத்திலிருந்து எட்டிப்பிடிக்கும் தொலைவில், ஜக்கூரில், 1940களின் இறுதியில் மைசூர் அரசு தொடங்கிய அரசு விமானப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. மன்னராட்சியின் நிழல் நீங்காத நாளில் பொதுச்செலவில் எழுந்த பள்ளி. மக்களாட்சியில் பல ஆண்டுகள் செயலற்றுக் கிடந்தது. அதை மாநில அரசு இளைஞர் நலன், விளையாட்டுத் துறையிடம் விட்டுவைத்திருக்கிறது. விமானம் ஓட்டுவது பொழுதுபோக்கு என்ற பழைய கனவான்களின் எண்ணம் இன்னும் கோப்புகளில் உறைந்திருக்கிறது போலும். அதைத் தொழிலாளர் துறையோடும் உயர்கல்வித் துறையோடும் இணைத்து, நகரின் உழைக்கும் பகுதிகளிலிருந்து மாணவர்களைத் தேர்ந்து, தமிழ், கன்னட, உருது வழியில் படித்தவர்களுக்கு ஓராண்டு ஆங்கிலப் பயிற்சியும் அளித்து, கட்டணமின்றிப் பறக்கவைக்கக் கர்நாடக அரசால் முடியும். அதற்கு முன், அந்தப் பள்ளியில் இதுவரை உரிமம் பெற்றவர்களில் தலித்துகள் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர், தொழிலாளர் குடும்பத்தினர் எத்தனை பேர் என்ற கணக்கைச் சட்டமன்றத்தில் வைக்கட்டும்.